துப்பாக்கிக் கடையில் பத்தொன்பது வயது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கி விற்கும் கடைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய வழக்கில் போய் நின்றுவிடுகிறது. இன்று நான் அந்த வழக்குக்குள் போகப்போவதில்லை. அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் காக்கிறது. 2023இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 32 பேர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடை இருக்கிறது, வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு, அந்தக் கடைக்குள் 18, 19, 20 வயதில் நுழையும் ஒருவர் எப்படி எடைபோடப்படுகிறார், அப்படி எடைபோடுவது எவருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பதை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதுக்கு எல்லை வகுப்பது சட்டத்தின் வேலை. அந்த எல்லையைத் தாண்டி, உரிய ஆவணங்களோடு கடைக்கு வந்து நிற்கும் ஒருவரிடம் கடைக்காரர் உற்றுக் கவனிக்க வேண்டியது அவருடைய நடத்தையையும் பேச்சையும்தான். முகத்தின் இளமையைப் பார்த்தவுடனேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிற கடைக்காரர், நல்ல பிள்ளை ஒருவனை அவமதிப்பதோடு, ஆபத்தான ஒருவரை அவர் தலை நரைத்திருக்கிறது என்பதற்காகவே கவனிக்காமல் விட்டுவிடவும் கூடும்.

முதலில் சட்டம். ஜான் கென்னடி 1963இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலைக்குப் பயன்பட்ட ரைபிள் அஞ்சல் வழியாக வரவழைக்கப்பட்டது என்பது தெரியவந்தது. அதன் பிறகும் ஐந்து ஆண்டுகள் காங்கிரசில் இழுபறியாகவே கிடந்த மசோதா, 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பின்னர்தான் உயிர் பெற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் பெற்ற வணிகர்கள் 21 வயது நிறையாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்றும், ரைபிளும் ஷாட்கன்னும் 18 வயது நிறைந்தவருக்கு விற்கலாம் என்றும் வகுத்தது. நீண்ட குழல் கொண்ட ரைபிளும் ஷாட்கன்னும் வேட்டைக்கும் விளையாட்டுக்கும் உரியவை, சட்டைக்குள் மறைத்துவைக்கக் கூடிய கைத்துப்பாக்கிதான் குற்றத்துக்கு உரியது என்பதே அன்றைய பொதுவான எண்ணம். ராணுவத் துப்பாக்கியை ஒத்த ஏஆர்-15 வகை ரைபிள்கள் கடைகளில் சாதாரணமாகத் தொங்கும் காலம் ஒன்று வரும் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கணக்கில் கொண்டிருக்கவில்லை.

1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் 18 வயதினருக்கு வாக்குரிமை கொடுத்தது. அதே வயதில் ஒருவர் ராணுவத்தில் சேரலாம். பெற்றோர் சம்மதித்தால் 17 வயதிலேயே சேரலாம். ராணுவம் தந்த எம்4 துப்பாக்கியைப் பகலெல்லாம் சுமந்து பயிற்சி பெறும் 19 வயதுச் சிப்பாய், விடுமுறை நாளில் முகாமுக்கு வெளியே உள்ள கடைக்குப் போனால், அவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்றுதான் 1968ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இளைஞர்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் முறையீடு இங்கேதான் தொடங்குகிறது.

2018ஆம் ஆண்டு இந்தக் கதையில் ஒரு பெரிய திருப்பம். பிப்ரவரி 14ஆம் தேதி, ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் நகரப் பள்ளியில் 19 வயது இளைஞன் ஒருவன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் பயன்படுத்திய ரைபிள் சட்டப்படி வாங்கப்பட்டது. இரண்டே வாரத்தில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற பெரிய விளையாட்டுப் பொருள் கடை நிறுவனம், இனி 21 வயது நிறையாத எவருக்கும் எந்தத் துப்பாக்கியும் விற்பதில்லை என்று அறிவித்தது. அந்த இளைஞன் அதற்கு முந்தைய நவம்பரில் தங்கள் கடையொன்றில் ஒரு ஷாட்கன் வாங்கியிருந்தான் என்பதையும், கொலைக்குப் பயன்பட்டது அதுவல்ல என்றாலும் அச்செய்தி தங்களை உலுக்கிவிட்டது என்பதையும் அந்நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. அன்றே வால்மார்ட்டும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 21 வயது என்ற விதியைக் கொண்டுவந்தது. மார்ச் 9ஆம் தேதி ஃபுளோரிடா மாநில அரசே எல்லா வகைத் துப்பாக்கிகளையும் வாங்குவதற்கான வயதை 21ஆக உயர்த்தியது.

மாநிலம் சட்டம் இயற்றுவது வேறு, கடை தானாக ஒரு வயது விதி போட்டுக்கொள்வது வேறு. ஆரிகன் மாநிலத்தில் 20 வயது இளைஞர் ஒருவரும், மிச்சிகனில் 18 வயது இளைஞர் ஒருவரும், தங்களை வயதின் பேரில் ஒதுக்கினார்கள் என்று இந்தப் பெரிய கடைகள் மீது அந்த மார்ச் மாதத்திலேயே வழக்குத் தொடுத்தார்கள். பொது இடங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகிய நான்கைத்தான் சொல்கிறது. அதில் வயது இல்லை. ஆகவே பெரும்பாலான மாநிலங்களில் "உனக்கு வயது போதாது" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அதற்கு எதிராக எந்தப் பிடிமானமும் கிடையாது. ஆரிகன், மிச்சிகன் போன்ற சில மாநிலங்களின் சொந்தச் சட்டத்தில் வயதும் சேர்க்கப்பட்டிருப்பதால்தான் அந்த இளைஞர்கள் நீதிமன்றப் படியேற முடிந்தது.

இதுவரை சொன்னது எழுத்தில் இருக்கும் விதி. எழுத்தில் இல்லாத ஒன்று கடையின் கண்ணாடி மேசைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நடக்கிறது. என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிறையாதவரின் ஓட்டுநர் உரிமம் செங்குத்தாக அச்சிடப்படுகிறது. 21 நிறைந்தவருடையது படுக்கை வாட்டில் இருக்கும். மதுக்கடையில் விரைவாக அடையாளம் காண்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. பணப்பையிலிருந்து அந்தச் செங்குத்து அட்டை வெளியே வந்ததும், அதிலிருக்கும் பிறந்த தேதியைப் படிப்பதற்கு முன்பே எதிரே நிற்பவரின் குரல் மாறிவிடுகிறது. அண்மையில் 21 நிறைந்து, இன்னும் அட்டையைப் புதுப்பிக்காதவருக்கும் இதே கதிதான்.

பென்சில்வேனியாவில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். மான் வேட்டை அந்த மாநிலத்தில் ஒரு திருவிழாவுக்கு நிகர். நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை வேட்டைப் பருவம் தொடங்கும் என்பதற்காகவே பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விட்டு வந்தார்கள்; 2019இல்தான் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. எங்கள் நண்பர் ஒருவரின் மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன், பள்ளித் தோழர்களோடு பழகி வேட்டையில் நாட்டம் கொண்டவன், 19 வயதில் தன் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் முதல் ரைபிள் வாங்கப் போனபோது, "நீங்களும் வாங்க அங்கிள்" என்று என்னைத் துணைக்கு அழைத்தான். பன்னிரண்டு வயதில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து, ஒவ்வோர் ஆண்டும் முறையாக உரிமம் எடுத்துவரும் பையன். எனக்கோ துப்பாக்கியைப் பிடிக்கும் பக்கம்கூடச் சரியாகத் தெரியாது.

கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் வரவேற்றார். பையன் தனக்கு வேண்டிய அளவையும் வகையையும் சொன்னான். பதில் என் முகத்தைப் பார்த்து வந்தது. அவன் ரைபிள்மேல் பொருத்தும் தொலைநோக்கியைப் பற்றிக் கேட்டான். அது எவ்வளவு விலை என்பது எனக்குச் சொல்லப்பட்டது. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குத் தானியங்கு ரைபிள் அனுமதி கிடையாது. ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் வகைதான் பெரும்பாலோர் எடுப்பது. அவன் கேட்டதும் அதைத்தான். ஆனாலும், "வீடியோ விளையாட்டில் பார்ப்பது போன்றதெல்லாம் இதில்லை, தெரியுமா?" என்று ஒரு கேள்வி வந்தது. பையனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

பிறகு கடைக்காரர் சுவரிலிருந்து ஒரு ரைபிளை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தாம் பார்த்துக்கொண்டு, அவனிடம் நீட்டினார். அவன் அதைக் குழல் தரையை நோக்கியபடி வாங்கினான். விரலை விசையின் பக்கம் கொண்டுபோகாமல் மரப்பிடியின் ஓரமாக நீட்டி வைத்துக்கொண்டான். கடைக்காரர் பார்த்ததுதான் என்றாலும், போல்ட்டைத் தானும் ஒருமுறை பின்னுக்கு இழுத்து, தோட்டா அறைக்குள் குனிந்து பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவியும் பார்த்தான். யாரிடமிருந்து வாங்கினாலும் நீயே ஒருமுறை பார் என்பது அந்த வகுப்பில் கற்பிக்கும் முதல் பாடம். அந்த ஒரு செயலைக் கண்டதும் கடைக்காரரின் பார்வை என்னைவிட்டு அவனிடம் திரும்பியது. அதன் பின் ஏறக்குறைய அரை மணி நேரம் இருவரும் காற்றின் திசையைப் பற்றியும் மலைச்சரிவில் மான் எந்நேரம் இறங்கும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் இறுதியில் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். ஆனால் அந்தப் பையன் முதலிலேயே மனம் புண்பட்டு வெளியே போயிருந்தால் அவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அப்படி வெளியே போகிறவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா உட்படப் பல மாநிலங்களில், தனியார் ஒருவர் மற்றொரு தனியாருக்கு ரைபிள் விற்கும்போது, வாங்குபவரின் குற்றப் பதிவு முதலியவற்றைப் பார்க்கும் பின்னணிச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. கடையில் படிவம் உண்டு, சோதனை உண்டு, எதிரே அனுபவப்பட்ட ஒரு மனிதர் உண்டு. வண்டி நிறுத்துமிடத்தில் பணத்தைக் கொடுத்து வாங்குகிற துப்பாக்கிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

கடைக்காரர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை முழுமையாகச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். வாங்குபவர் நிரப்பித் தர வேண்டிய 4473 என்ற படிவத்தில், இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்ற கேள்வி உண்டு. இன்னொருவருக்காகப் பினாமியாக வாங்குவது மத்திய அரசின் சட்டப்படி பெருங்குற்றம். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், முன்னாள் காவலர் ஒருவர் தம் மாமாவின் பணத்தில் அவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். இருவருமே சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுடையவர்கள்தான். அப்படியிருந்தும் படிவத்தில் பொய் சொன்னது குற்றமே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. 19 வயது இளைஞன் ஒருவன் கைத்துப்பாக்கிகள் இருக்கும் பகுதியில் நின்று ஒன்றைச் சுட்டிக்காட்ட, பக்கத்தில் நிற்கும் அண்ணனோ காதலியோ பணப்பையைத் திறந்தால், கடைக்காரர் அந்த விற்பனையை மறுத்துத்தான் ஆக வேண்டும். கண்டும் காணாமல் விற்றால் அவருடைய உரிமமே போய்விடலாம். இளைஞர்களை வெறுப்பவர்கள் என்று இவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் வன்முறைக் குற்றங்கள் உச்சத்தில் இருக்கின்றன என்பது குற்றவியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஆத்திரத்தை அடக்கும் ஆற்றல் முழுமையாக முதிர்ச்சி அடைவது இருபதுகளின் நடுவில் என்பதும் மருத்துவர்கள் சொல்வதே. எல்லைக்கோட்டை 21இல் போட வேண்டும் என்று கேட்பவர்கள் இதை முன்வைக்கிறார்கள். அவர்கள் கேட்பதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனால் ஒரு தலைமுறையைப் பற்றிய புள்ளிவிவரம் சட்டம் இயற்றும் அவைக்குப் பயன்படும். எதிரே நிற்கும் ஒரே ஒரு மனிதனை அளக்க அது கடைக்காரருக்கு உதவாது.

டெக்சஸ் மாநிலத்தின் உவால்டியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2022 மே 24ஆம் தேதி, அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள் இரண்டு ரைபிள்களை உள்ளூர்க் கடை வழியாகச் சட்டப்படி வாங்கியிருந்தான். டெக்சஸ் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு அந்த ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, அவன் 17 வயதில் இருந்தபோதே வேறு இருவரிடம் தனக்குத் துப்பாக்கி வாங்கித் தரும்படி கேட்டான் என்றும், அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறது. கடைக்காரர் அவனைச் சாதாரண வாடிக்கையாளர் என்றுதான் கருதியிருக்கிறார். இவ்வளவு பணம் ஏது என்று கேட்டதற்குச் சேமித்தது என்று அவன் பதில் சொல்லியிருக்கிறான். அதே வேளையில் கடைக்கு வந்திருந்த வேறு சிலர், அவன் பதற்றமாகக் காணப்பட்டான், பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது என்று பிற்பாடு எஃப்பிஐ விசாரணையில் சொன்னார்கள்.

இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அங்கே வயது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்டம் 18 என்று சொன்னது, அவனுக்கு 18 நிறைந்துவிட்டது, அத்தோடு கணக்கு முடிந்தது. அதற்கு அப்பால் சொல்லப்பட வேண்டியவை அவரவருக்குள்ளேயே தங்கிவிட்டன. உறுத்தல் பட்ட வாடிக்கையாளர் கடைக்காரரிடம் மெல்ல ஒரு வார்த்தை சொல்லும் பழக்கமும், அப்படிச் சொன்னால் இரண்டு நாள் பொறுத்து வா என்று அனுப்பும் பழக்கமும் அந்தத் தொழிலில் வேரூன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பார்க்லண்டிலும் இதேதான். அந்த இளைஞனைப் பற்றி 2018 ஜனவரியில் எஃப்பிஐக்கு நேரடியாகத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அது உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்படவே இல்லை.

இப்போது மறுபுறம் பாருங்கள். 2017 அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகஸ் நகரில் இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த மக்கள் மீது விடுதி மாடியிலிருந்து சுட்டவனுக்கு வயது 64. அதற்கு முந்தைய ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவன் 33 துப்பாக்கிகள் வாங்கியிருந்தான். அவற்றில் பெரும்பாலானவை ரைபிள்கள். ஒவ்வொரு கடையிலும் சோதனையில் தேறினான். வசதியான, ஓய்வுபெற்ற, வெள்ளைத் தோல் கொண்ட மனிதரை எவரும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கவில்லை. அதே வாரத்தில் ஒரு 19 வயது மாணவன் ஒரே ஒரு ரைபிளைக் கேட்டு எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பான் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த மாணவன் கறுப்பினத்தவனாக இருந்தால் கேள்விகள் இன்னும் கூடுதல். அவள் பெண்ணாக இருந்தால், இது யாருக்காக வாங்குகிறாய் என்ற கேள்வி முதலில் வரும்.

வயதை விட்டு நடத்தையைப் பார்ப்பது வெறும் நல்லெண்ணப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். அதைச் செய்து காட்டிய கடைக்காரர்கள் இருக்கிறார்கள். 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹூக்செட் என்ற ஊரில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்கள். இச்செய்தி கிடைத்ததும் கடை உரிமையாளர் உடைந்துபோனார். அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் துப்பாக்கி ஆர்வலர்களும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த வாடிக்கையாளரிடம் என்ன கவனிக்க வேண்டும் என்று கடை ஊழியர்களுக்காக ஒரு குறிப்பு எழுதினார்கள். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், தெரிந்துகொள்ளவும் விரும்பாதவர். எதுவானாலும் சரி என்பவர். துடைப்பது, பராமரிப்பது பற்றிப் பேச்செடுத்தால் அது தேவைப்படாது என்பவர். விவாகரத்தோ வேலை இழப்போ பற்றி வாய்தவறிச் சொல்பவர். கண்ணில் நீர் தளும்ப நிற்பவர். இப்படிப்பட்டவருக்கு இன்று விற்க வேண்டாம், பேச்சுக் கொடுங்கள், மனம் சரியில்லையா என்று நேராகவே கேளுங்கள் என்பதுதான் அந்தக் குறிப்பின் சாரம். அந்த முயற்சி பின்னர் வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது.

அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். நான் படித்த அந்த அடையாளங்களில் எதுவும் 19 வயதினருக்கே உரியது அன்று. ஐம்பது வயதில் வேலை இழந்த மனிதரிடமும் அவை இருக்கும். நண்பர் மகனிடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ரைபிளைத் துடைக்கும் எண்ணெய் எது நல்லது என்று அவன் இரண்டு முறை கேட்டான்.

சட்டமும் மெல்ல இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. உவால்டிக்குப் பின் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றி, 2022 ஜூன் 25இல் கையெழுத்தான சட்டம், 21 வயது நிறையாத ஒருவர் துப்பாக்கி வாங்க வரும்போது, வழக்கமான கணினிச் சோதனையோடு நிற்காமல், அவர் வாழும் மாநிலத்தின் சிறார் நீதிப் பதிவுகளையும் மனநலப் பதிவுகளையும் உள்ளூர்க் காவல் நிலையத்தையும் விசாரிக்க வேண்டும் என்கிறது. ஐயம் எழுந்தால் பத்து வேலை நாட்கள் வரை விற்பனையை நிறுத்திவைக்கலாம். சாதாரணமாக இது மூன்று வேலை நாட்கள்தான். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனால், அந்த மூன்று நாள் கெடு முடிந்தும் சோதனை முடியாததால்தான் துப்பாக்கியைப் பெற முடிந்தது. இளைஞர்களுக்கு மட்டும் கூடுதல் சோதனையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதை ஆதரிக்கிறேன், ஏனென்றால் இந்தச் சோதனை இளைஞன் என்ன செய்திருக்கிறான் என்பதைத் தேடுகிறது. அதில் தேறியவனைக் கடைக்காரர் தம் பங்குக்கு மறுபடி ஐயப்பட வேண்டிய தேவை குறைகிறது.

வெர்மான்ட் மாநிலம் 2018இல் வகுத்த வழி எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே துப்பாக்கி வாங்கும் வயது 21 என்று உயர்த்தியபோது, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்ததற்குச் சான்று காட்டும் இளைஞருக்கு விலக்கு அளித்தார்கள். வேட்டை அங்கே பரம்பரைப் பழக்கம் என்பதால் வந்த சமரசம்தான் அது. ஆனாலும் கற்றுக்கொண்டவனையும் கற்றுக்கொள்ளாதவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது.

நீதிமன்றங்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2025 ஜனவரியில், மத்திய அரசின் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஐந்தாவது வட்ட நீதிமன்றம், 18 முதல் 20 வயதினருக்குக் கடைகள் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்ற 1968ஆம் ஆண்டு விதி அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 1792ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டம் 18 வயதினரைத் துப்பாக்கியோடு வரச் சொன்னதே என்பது அதன் வாதங்களில் ஒன்று. அதே ஆண்டு ஜூனில் நான்காவது வட்ட நீதிமன்றம், அந்தக் காலத்தில் 21 வயது வரை ஒருவர் சட்டத்தின் கண்ணில் சிறுவரே, அவர் செய்யும் ஒப்பந்தத்துக்கே வலு கிடையாது என்று காட்டி, விதி செல்லும் என்றது. ஃபுளோரிடா சட்டத்தையும் பதினோராவது வட்ட நீதிமன்றம் அந்த மார்ச்சில் நிலைநிறுத்தியது. இதற்கு முன் 2021இல், வர்ஜீனியாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கில் இளைஞர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, இரண்டே மாதத்தில் இல்லாமல் போயிற்று. வழக்கு நடக்கும்போதே அந்தப் பெண்ணுக்கு 21 வயது நிறைந்துவிட்டதுதான் காரணம். இளமை விரைந்து கடந்துபோவதால் இவ்வகை வழக்கைத் தொடுத்தவரே அதன் பயனை அனுபவிப்பது அரிது.

ஆகவே தீர்ப்புக்காகக் காத்திராமல், கடைகளில் இன்றைக்கே மாற்றக் கூடியவை சில உண்டு. இளைஞர் ஒருவர் பெரியவரோடு வந்தால், யாருக்கு வாங்குகிறார்களோ அவரைப் பார்த்தே பேச வேண்டும். படிவமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. விற்க மறுத்தால் காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். சட்டம் இடம் தரவில்லை, அல்லது எங்கள் கடையின் விதி இது, அல்லது நீங்கள் சொன்ன ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை என்ற மூன்றில் எது என்று தெரிந்தால், பையன் மனத்தாங்கல் இல்லாமல் திரும்புவான். தெரியாததைக் கேட்கிறவனை ஏளனம் செய்யக் கூடாது. முதல் துப்பாக்கி வாங்குகிறவன் அறியாமையை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டால், வீட்டில் அதைப் பூட்டி வைப்பது எப்படி என்பதையும் அவன் எவரிடமும் கேட்கமாட்டான்.

கடைசியாக, அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளை உடைய பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ வேட்டையிலோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலோ நாட்டம் கொண்டால், கடைக்குப் போகும் முன் மாநிலத்தின் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பல மாநிலங்களில் அது இலவசமாகவே நடக்கிறது. ரைபிள் அவர்களுக்கே உரியதானால் பணத்தை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். கடையில் நீங்கள் எண்ணிக் கொடுத்தால் அது பினாமி வாங்குதலோ என்ற ஐயத்துக்கு இடம் தரும். படிவத்தை அவர்களே நிரப்பட்டும், கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும், நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். பூட்டும் பெட்டியை அன்றே சேர்த்து வாங்குங்கள். பிள்ளையின் மனம் சோர்ந்திருக்கும் காலம் என்று உங்களுக்குத் தோன்றினால், அவனுக்கு எத்தனை வயதானாலும், கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதன் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

வணக்கம்.